ஆறு கிலோமீட்டர் வேகம் எனக்குப் போதும்

என்னால் எழுந்து நிற்க முடியும். கடைக்குள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மேல்தட்டில் இருக்கும் மிளகாய்த்தூள் பொட்டலத்தை எட்டி எடுக்கவும் முடியும். காலில் இரும்புப் பட்டை போட்டிருந்தால் வீட்டுக் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடப்பேன். அதைத் தாண்டினால் தொடை நடுங்கத் தொடங்கிவிடும். ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது நான் எழுந்து நிற்பது மட்டும்தான். "நல்லாத்தானே நிக்கிறீங்க, எதுக்கு ஆன்ட்டி இந்த வண்டி?" என்று தோ பாயோ சந்தையில் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. கேட்காமல் முறைத்துவிட்டுப் போனவர்கள் அதைவிட அதிகம்.

1958இல் சிங்கப்பூரில் போலியோ பரவியபோது நோய்கண்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி. பள்ளிக்கூடம், குமாஸ்தா வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாமே வலக்காலை இழுத்துக்கொண்டுதான் நடந்தன. ஐம்பது வயதுக்குப் பிறகு, நன்றாக இருந்த இடக்காலும் சோர்ந்தது. போலியோவுக்குப் பிந்தைய தளர்ச்சி என்றார் மருத்துவர். நோயில் தப்பிய நரம்புகள் பல பத்தாண்டுகள் இரட்டை வேலை பார்த்துக் களைத்துப் போவதால் வருவதாம். முயன்று நடந்தால் பலம் வரும் என்று உறவினர்கள் சொல்வார்கள். ஆனால் இந்தத் தளர்ச்சியில் அளவுக்கு மீறி உழைத்தால் தசை இன்னும் கெடும். வீட்டுக்குள் நடக்க எனக்குக் கால் மிஞ்ச வேண்டும். அதனால் வெளியே ஸ்கூட்டரில் போகிறேன்.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்பதே இப்படிப்பட்டவர்களுக்காக வந்ததுதான். கொஞ்சம் நடக்க முடியும், தூரம் போக முடியாது. மூட்டுத் தேய்மானம், இதயப் பலவீனம், மூச்சிரைப்பு, பக்கவாதத்திலிருந்து தேறிவரும் உடம்பு. இவர்களில் பலரைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. தேவையில்லாமல் ஓட்டுபவரையும் தேவைக்கு ஓட்டுபவரையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதுதான் இந்த வண்டிக்கு விதி வகுப்பதில் உள்ள பெரிய சிக்கல்.

சிங்கப்பூரில் இந்தச் சிக்கல் முற்றியது எப்படி என்பதை நான் நடைபாதையிலிருந்தே பார்த்தேன். நடைபாதை, சைக்கிள் பாதைகளுக்கான சட்டம் 2018 மே 1 அன்று நடப்புக்கு வந்தது. நின்றுகொண்டு ஓட்டும் மின்ஸ்கூட்டர்களால் விபத்துகள் பெருகியதால், 2019 நவம்பர் 5 முதல் அவற்றுக்கு நடைபாதையில் தடை விதித்தார்கள். மின்சக்கர நாற்காலிக்கும் மொபிலிட்டி ஸ்கூட்டருக்கும் அந்தத் தடை இல்லை. அப்போது மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடினால் போதும் என்றிருந்தது. உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், தேர்வும் வேண்டாம். அதற்குப் பிறகு, உடம்பில் ஒரு குறையும் இல்லாதவர்கள் எங்கள் வண்டிக்கு மாறினார்கள். உணவுப் பையை மாட்டிக்கொண்டு சிலர், பின்னால் நண்பரை ஏற்றிக்கொண்டு சிலர். அவர்களின் வயிற்றுப்பாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களால் எழுந்த வெறுப்பு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. அடுக்குமாடி புளோக்கின் கீழே வண்டியோசை கேட்டாலே தாய்மார்கள் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார்கள். ஓட்டி வருவது யார் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த வண்டிகள் பற்றி 2023 டிசம்பரில் ஆலோசனைக் குழு பரிந்துரை கொடுத்தது, 2024 மார்ச்சில் அரசாங்கம் ஏற்றது, 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்று விஷயங்கள் முக்கியம். உச்ச வேகம் 10இலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைகிறது. மொபிலிட்டி ஸ்கூட்டர் ஓட்டுபவர் மருத்துவத் தேவைக்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்; சக்கர நாற்காலிக்காரர்களுக்கு அது தேவையில்லை. வண்டியின் அளவு 70 சென்டிமீட்டர் அகலம், 120 நீளம், 150 உயரத்துக்குள்ளும், ஆளோடு சேர்த்த எடை 300 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஏற்றுவதற்கு முன்பே இருந்த அளவுதான் இது.

வேகக் குறைப்பு எங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகும் என் தோழி, "வெயில்ல அவ்வளவு நேரம் உட்கார்ந்து போனா எனக்கு மயக்கம் வருது" என்கிறாள். 1 கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஆனது இனி 10 நிமிடம் ஆகும். அவள் சொல்வது உண்மையான கஷ்டம். எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றிக் கூரை போட்ட நடைபாதை வந்திருப்பதால் வழியை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளச் சொன்னேன், செய்கிறாள். அப்படியும் 6 போதும் என்றுதான் நான் சொல்வேன். 10 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 3 மீட்டர் போய்விடுகிறது. தூணுக்குப் பின்னாலிருந்து குழந்தை ஓடிவருவதைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை அசைவதற்குள் அந்த 3 மீட்டர் முடிந்திருக்கும். 6இல் அது ஒன்றே முக்கால் மீட்டருக்கும் குறைவு. மோதினால் விழும் அடியின் சக்தியும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வண்டியும் ஆளும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ சாதாரணமாக வரும்போது இது சின்ன வித்தியாசம் அல்ல. பிரிட்டனிலும் நடைபாதையில் இந்த வண்டிகளுக்கு மணிக்கு 4 மைல்தான், அதாவது ஆறரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1988இல் போட்ட விதி அங்கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

சான்றிதழை நான் மனமார வரவேற்கிறேன். என்னை முறைப்பவரிடம் என் காலைத் தூக்கிக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டிய நிலை இத்தனை வருடமாக இருந்தது. இனி யாருக்காவது சந்தேகம் வந்தால் கேட்பதற்கு அதிகாரி இருக்கிறார், காட்டுவதற்கு என்னிடம் தாள் இருக்கிறது. ஆனால் மருத்துவரைப் பார்க்கப்போகும் நம் ஆட்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் உட்கார்ந்ததும், "பரவால்ல டாக்டர், சமாளிச்சுக்கிறேன்" என்று சொல்லும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. என் அண்ணி அப்படித்தான், மூச்சு வாங்கிக்கொண்டே நன்றாக இருக்கிறேன் என்பாள். அதை விட்டுவிடுங்கள். உங்களுடைய மோசமான நாளைச் சொல்லுங்கள். எங்கே உட்கார வேண்டியிருந்தது, எந்த இடத்தில் கால் மடங்கியது, எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். கூடவே வருகிற மகனோ மகளோ நீங்கள் மறைப்பதை எடுத்துச் சொல்லட்டும்.

இனி ஓட்டும் விஷயம். சட்டம் வண்டியின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். கை செய்ய வேண்டியதை நாம்தான் பழக்க வேண்டும்.

முதலில் பழக வேண்டியது, கையை விடுவது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கைப்பிடியருகே விரலால் இழுக்கும் அல்லது கட்டை விரலால் அழுத்தும் நெம்பு இருக்கும். அழுத்தினால் ஓடும், விட்டால் மின்காந்த பிரேக் தானே பிடித்து நிற்கும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஓட்டிய கைக்கு இது நேர் எதிர். பயந்தால் மனிதக் கை இறுகப் பிடிக்கும். இறுகப் பிடித்தால் இந்த வண்டி இன்னும் ஓடும். நான் பார்த்த மோதல்களில் பல இப்படி நடந்தவைதான். வண்டி வாங்கிய புதிதில் ஆளில்லாத கூடைப்பந்துத் திடலுக்குப் போய், யாராவது திடீரென்று "நில்லு!" என்று கத்த, கையை விரித்துவிடுவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். யோசிக்காமலே விரல் திறக்கும்வரை சந்தைப் பக்கம் போக வேண்டாம்.

இறங்குவதற்கு முன் சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள், அரை நிமிட வேலையாக இருந்தாலும் சரி. எழும்போது முழங்கை நெம்பில் படும். கைப்பிடியில் மாட்டிய பையின் காது நெம்பை இழுக்கும். பையைக் கைப்பிடியில் மாட்டுவதையே நான் நிறுத்திவிட்டேன். புடவை கட்டுபவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், சுரிதார் போடுபவர்கள் துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்ளுங்கள். பின்சக்கரம் துணியைச் சுற்றி இழுத்தால் நாம் உட்கார்ந்த வாக்கிலேயே பின்பக்கம் சாய்வோம். பெரும்பாலான வண்டிகளின் பின்னால், தள்ளிக்கொண்டு போவதற்காக மோட்டாரை விடுவிக்கும் சிறு நெம்பு ஒன்று இருக்கும். அதை விடுவித்து வைத்தால் பிரேக் பிடிக்காது. பேரப்பிள்ளைகள் விளையாட்டாகத் தட்டிவிட்டிருப்பார்கள். உட்காருவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

புளோக்கின் கீழ்த்தளத்தில் சுவரை ஒட்டி ஓட்டாதீர்கள். ஓரமாகப் போவது மரியாதை என்று தோன்றும். ஆனால் சுவரை ஒட்டினால் மூலையில் திரும்பி வருபவர் நம் சக்கரத்தின் மேல்தான் வந்து விழுவார். நடுவில் வந்தால் இருவருக்கும் பார்வை கிடைக்கும். பாலர் பள்ளி விடும் நேரத்தில் நான் அந்தப் பக்கமே போவதில்லை.

மின்தூக்கி தனிக்கலை. எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காத காலத்தில் குடியேறியவள் நான். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டம் வந்த பிறகுதான் என் மாடி வாசலிலேயே அது நின்றது. ஆனால் பழைய புளோக்குகளில் கூண்டு சிறியது, உள்ளே திரும்ப முடியாது. வேகக் குமிழை ஆமைப் படத்துக்குத் திருப்பிவிட்டு நேராக உள்ளே போவேன், பின்னோக்கி வெளியே வருவேன். வருவதற்கு முன் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். கண்ணாடியை நம்பாதீர்கள், குழந்தை அதில் தெரியாது. நெரிசலாக இருந்தால் அடுத்ததற்குக் காத்திருங்கள். நுழையும் அவசரத்தில்தான் மற்றவர் பாதத்தின் மேல் சக்கரம் ஏறுகிறது, அதுவும் முதியவர் பாதமாக இருந்தால் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

சரிவில் ஏறும்போது நேராக ஏறுங்கள், நடுவில் திரும்பாதீர்கள். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயர்வு என்ற கணக்கில் கட்டிய சரிவில் வண்டி நன்றாகவே ஏறும். ஆனால் முதுகுப்பக்கம் ஐந்து கிலோ அரிசி தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். அரிசியைக் காலடியில் வையுங்கள். மழை பெய்தால் இரும்புச் சாக்கடை மூடிகளும், பார்வையற்றோருக்காகப் பதித்த புடைப்புக் கற்களும் வழுக்கும். அவற்றின் மேல் போகும்போது நேராகவே போங்கள், திருப்ப வேண்டாம். மூன்று சக்கர வண்டி சிறிய இடத்தில் திரும்பும், ஆனால் சாயும். எனக்கு நான்கு சக்கரம்தான்.

உட்கார்ந்த நிலையில் நம் தலை, நிறுத்தி வைத்த காரின் உயரத்துக்குத்தான் வரும். கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வருபவருக்கு நாம் தெரியமாட்டோம். இருக்கையின் பின்னால் நீளக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கிறேன். இரவில் பின்விளக்கும் எரியும். சாலையைக் கடக்கும்போது பச்சை மனிதனுக்கான நேரம் போதவில்லை என்றால், மூத்தோர் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தின் கருவியில் தட்டுங்கள். சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். எல்லாச் சந்திப்பிலும் இது இல்லை, உங்கள் வழியில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டில் இந்தியாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எனக்குப் பிடித்த இடம், ஓட்டுவதற்குக் கடினமான இடமும் அதுதான். சிராங்கூன் ரோட்டுப் பழைய கடைவீடுகளுக்கு முன்னாலுள்ள அஞ்சடி நடைபாதையில் பல இடங்களில் தரைமட்டம் கடைக்குக் கடை மாறும். ஒரு படி ஏறும், அடுத்த கடையில் இறங்கும், நடுவில் பூக்கூடையும் காய்கறிப் பெட்டியும் இருக்கும். அஞ்சடி அடைபட்டிருந்தால் சாலையில் இறங்கி ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வண்டிக்குச் சாலையில் இடம் கிடையாது. பேருந்துக்குப் பக்கத்தில் அது தெரியவும் தெரியாது. நான் வார நாளில் காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்விடுவேன். கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பக்கம் ஸ்கூட்டரில் போவது நமக்கும் ஆபத்து, நடப்பவருக்கும் ஆபத்து.

ஹாரனைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. முதியவர் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கக் கூடாது. அவர் திடுக்கிட்டுப் பக்கவாட்டில் கால் வைப்பார், விழுவார், இடுப்பெலும்பு முறியும். வேகத்தைக் குறைத்துப் பின்னாலேயே வந்து, இடம் கிடைக்கும்போது "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்" என்றால் போதும். நடைபாதையில் முதல் உரிமை நடப்பவருக்கு.

மின்னேற்றம் வீட்டுக்குள் நடக்கும் விஷயம் என்றாலும் பொது ஆபத்துதான். தூங்கும்போது மின்னேற்றாதீர்கள். வாசலை அடைத்தாற்போல் வண்டியை நிறுத்தி மின்னேற்றினால், தீப்பிடிக்கும்போது வெளியேறும் ஒரே வழியும் போய்விடும். தாழ்வாரத்தில் நிறுத்தினால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு பேட்டரியோ சார்ஜரோ வாங்க வேண்டாம்.

வாங்கும்போது ஒரு கடைக்காரர் என்னிடம், "ஸ்பீட் பத்தலைன்னா சொல்லுங்க, கூட்டித் தரேன்" என்றார். அந்தக் கடையில் நான் வாங்கவில்லை. வேகத்தைக் கூட்டி விற்பவர் பிரேக்கையும் பேட்டரியையும் எப்படிப் பார்த்திருப்பார்? முதலில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் போங்கள். இடுப்பு, தோள், கண், கை எல்லாவற்றையும் பார்த்து எந்த வண்டி பொருந்தும் என்று அவர் சொல்வார். ரெட்ஹில் அருகே இனேபிளிங் வில்லேஜ் இருக்கிறது, அங்கே உதவிச் சாதனங்களை நேரில் பார்க்கலாம். 60 வயது தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு, வருமானத் தகுதி இருந்தால், மூத்தோருக்கான நடமாட்ட நிதியிலிருந்து சாதன விலையில் 90 விழுக்காடுவரை உதவி கிடைக்கும். வீட்டு மின்தூக்கியின் உள்ளளவை எடுத்துக்கொண்டு போக மறக்காதீர்கள்.

ஓட்டத் தொடங்குவதைவிட நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதுதான் கடினம். பார்வை மங்கியவர், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுபவர், வழி மறக்கத் தொடங்கியவர் இந்த வண்டியை ஓட்டக் கூடாது. பிரிட்டனில், 12.3 மீட்டர் தூரத்திலிருந்து காரின் நம்பர் பலகையைப் படிக்க முடிய வேண்டும் என்று ஓட்டுபவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். வீட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நாமே செய்து பார்க்கலாம். நான் ஒவ்வொரு பிறந்தநாளிலும் மகளோடு போய்ப் பார்க்கிறேன். என்னால் படிக்க முடியாத வருடம் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நடமாட்டத்தை இழப்பது எனக்குத் தெரியாத துக்கம் இல்லை. அதற்காக இன்னொருவர் வீட்டுக் குழந்தை காயப்பட முடியாது.

நடந்து போகிறவர்களிடமும் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நடைபாதைச் சரிவின் வாயில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு அது இரண்டு அடி விலகிப் போகிற வேலை, எனக்கு அதோடு வழி முடிந்துவிடுகிறது. கைப்பேசியைப் பார்த்தபடி நடக்கும்போது அவ்வப்போது தலையை நிமிர்த்துங்கள். உதவ நினைத்தால் கேட்டுவிட்டு உதவுங்கள், வண்டியைப் பிடித்துத் தள்ளாதீர்கள். என்னிடம் கேட்க வேண்டியதை என் மகளிடம் கேட்காதீர்கள்.

இந்த வண்டி வேண்டாம் என்று வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்கள் நம் சமூகத்தில் நிறையப் பேர். "ஊரு என்ன சொல்லும்?" என்று கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த மாதமே தெரபிஸ்ட்டிடம் அழைத்துப்போங்கள். நன்றாக நடக்கக்கூடிய ஒருவர் வசதிக்காக ஓட்டிக்கொண்டிருந்தால், அந்த வண்டியை விற்றுவிடச் சொல்லுங்கள்.